கனத்தது முந்துமா?

பேராதனைத் தாவரவியல் பூங்காவில் இரட்டைத் தேங்காய் மரங்கள் வரிசையாக நிற்கும் பாதை ஒன்று உண்டு. சீஷெல்ஸ் தீவுகளைத் தாயகமாகக் கொண்ட பனையினம் அது. தாவர உலகில் ஆகப் பெரிய விதை அதனுடையதுதான். நன்றாக முற்றிய விதை 20 கிலோகிராமைத் தாண்டுவதும் உண்டு. காய் முற்றுவதற்கு ஆறேழு ஆண்டுகள் எடுக்கும். பூங்காவை விட்டு வெளியே வந்தால், கண்டியின் வீட்டு வளவுகளில் கமுகுகள் நிற்கின்றன. ஒரு பாக்கு தோலோடு சேர்த்தும் 50 கிராம் அளவில்தான் இருக்கும். ஒன்று மற்றதைவிட நானூறு மடங்கு கனம்.

இரண்டையும் ஐந்து மீற்றர் உயரத்திலிருந்து ஒரே நேரத்தில் கைவிட்டால் எது முதலில் நிலத்தைத் தொடும்?

வீட்டில் இருப்பவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலானோர் தயங்காமல் தேங்காய் என்பார்கள். சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்துக்கு நல்ல பெறுபேறு எடுத்தவர்கள்கூட, திடீரென்று கேட்டால் அதையேதான் சொல்வார்கள். சூத்திரம் நினைவில் இருக்கும். ஆனால் கையில் தூக்கிப் பார்த்த கனம் அந்தச் சூத்திரத்தைவிட உரத்துப் பேசும். 20 கிலோவைத் தூக்கும்போது அது கையை நிலத்தை நோக்கி இழுக்கிறது. அவ்வளவு இழுவையுள்ள பொருள் வேகமாகத்தானே விழ வேண்டும்?

கண்ணுக்குத் தெரிந்தவரை இரண்டும் ஒன்றாகவே விழும். ஒரு செக்கனுக்குச் சற்றே கூடுதலான நேரத்தில், ஒரே சத்தமாக.

கனத்தது முந்தும் என்பது அரிஸ்டோட்டில் காலத்திலிருந்து ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் ஐரோப்பாவில் பாடமாகவே இருந்தது. 1586 இல் சைமன் ஸ்டெவின் என்ற பொறியியலாளர் தாம் செய்த சோதனையை வெளியிட்டார். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில், ஒன்று மற்றதைவிடப் பத்து மடங்கு கனமான இரண்டு ஈயக் குண்டுகளை முப்பது அடி உயரத்திலிருந்து ஒரு பலகைமீது போட்டிருந்தார்கள். இரண்டு சத்தங்கள் கேட்கவில்லை, ஒன்றுதான் கேட்டது. பீசா கோபுரத்தில் கலிலியோ செய்ததாகச் சொல்லப்படும் சோதனை அவருடைய மாணவர் எழுதிய வாழ்க்கை வரலாற்றிலிருந்து வருவது. அது நடந்ததா என்பதில் வரலாற்றாசிரியர்களுக்கு ஐயம் உண்டு. ஆனால் 1638 இல் வெளிவந்த நூலில் கலிலியோ முன்வைத்த ஒரு வாதத்துக்குக் கோபுரமே தேவையில்லை. அதை நம் தேங்காயையும் பாக்கையும் வைத்தே சொல்லிப் பார்ப்போம்.

கனத்தது வேகமாகவும் இலேசானது மெதுவாகவும் விழும் என்று வைத்துக்கொள்வோம். இப்போது தேங்காயோடு பாக்கை ஒரு நூலால் கட்டிக் கீழே விடுகிறோம். பாக்கு மெதுவாக விழப் பார்க்கும், ஆகவே தேங்காயைப் பின்னுக்கு இழுக்கும். கட்டு தனித் தேங்காயைவிட மெதுவாக விழ வேண்டும். ஆனால் இரண்டும் சேர்ந்தால் மொத்தக் கனம் தேங்காயைவிட அதிகம்; அப்படியானால் கட்டு தனித் தேங்காயைவிட வேகமாக விழ வேண்டும். ஒரே கட்டு ஒரே நேரத்தில் மெதுவாகவும் வேகமாகவும் விழ முடியாது. முரண்பாடு தீர ஒரே வழிதான்: எல்லாம் ஒரே விதமாக விழுகின்றன. எந்த அளவுகோலும் இல்லாமல், யோசனையாலேயே ஒரு பழைய கோட்பாட்டை இடித்துத் தள்ளிய இந்த வாதத்தைப் பாடசாலைப் புத்தகங்கள் ஏன் முதற் பக்கத்தில் போடுவதில்லை என்பது எனக்கு நெடுநாளைய ஆதங்கம்.

ஏன் அப்படி விழுகின்றன என்பதற்கான விடை நியூட்டனிடமிருந்து வந்தது. 1687 இல் வெளியான அவருடைய நூலின்படி, பூமி ஒரு பொருளை இழுக்கும் விசை அப்பொருளின் திணிவுக்கு நேர்விகிதமானது. தேங்காயைப் பாக்கைவிட நானூறு மடங்கு பலமாகப் பூமி இழுக்கிறது. கையில் நாம் உணர்வது இதைத்தான். அந்த உணர்வில் பிழை ஏதும் இல்லை. ஆனால் திணிவுக்கு இன்னொரு குணமும் இருக்கிறது. அது அசைய மறுக்கும். நானூறு மடங்கு திணிவுள்ள பொருளை அதே அளவு ஆர்முடுகச் செய்ய நானூறு மடங்கு விசை வேண்டும். இழுவை நானூறு மடங்கு, மறுப்பும் நானூறு மடங்கு. விசையைத் திணிவால் வகுக்கும்போது மேலே உள்ள திணிவும் கீழே உள்ள திணிவும் வெட்டுப்பட்டுப் போகின்றன. மிஞ்சுவது புவியீர்ப்பினாலான ஆர்முடுகல் மட்டுமே. தேங்காய்க்கும் அதே எண், பாக்குக்கும் அதே எண்.

இந்த வெட்டுப்படலைக் கொஞ்சம் கவனமாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதே கணக்கு பின்னால் ஒரு மலைச்சரிவில் நம்மை எதிர்கொள்ளும். அங்கே அது உயிர்களோடு தொடர்புடையது.

இழுவைக்குக் காரணமான திணிவும் அசைய மறுக்கும் திணிவும் ஏன் இப்படி அச்சொட்டாகச் சமமாக இருக்க வேண்டும்? நியூட்டனிடம் இதற்குப் பதில் இல்லை. ஐன்ஸ்டைன் இந்தச் சமத்தன்மையையே அடித்தளமாக வைத்துத் தம் பொதுச் சார்புக் கோட்பாட்டைக் கட்டினார். 2016 இல் பிரான்ஸ் ஏவிய மைக்றோஸ்கோப் என்ற செய்மதி, இரு வேறு உலோகங்கள் பூமியை நோக்கி விழுவதை ஒப்பிட்டது. கோடி கோடியில் பத்தில் ஒரு பங்கு என்ற அளவுக்கு நுணுகிப் பார்த்தும் வேறுபாடு கிடைக்கவில்லை. பாடசாலையில் ஒரு நிமிடத்தில் கடந்துபோகும் வரி, இன்றும் விண்வெளியில் சோதிக்கப்படும் வரியாக இருக்கிறது.

இனி எண்ணுக்கு வருவோம். விழத் தொடங்கிய பொருள் முதல் செக்கனில் ஏறத்தாழ 4.9 மீற்றர் இறங்கும். இரண்டு செக்கன் முடிவில் 19.6 மீற்றர். மூன்று செக்கன் முடிவில் 44 மீற்றர். நேரம் இரு மடங்கானால் தூரம் நான்கு மடங்கு. 20 மீற்றர் உயரத் தென்னையிலிருந்து விழும் தேங்காய் இரண்டே செக்கனில் நிலத்தை அடைந்துவிடும். அடையும்போது அதன் வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர். "தேங்காய் விழுது" என்று ஒருவர் கத்தி, மற்றவர் அண்ணாந்து பார்த்து, விலகுவதற்குள் இரண்டு செக்கன் தீர்ந்துவிடும். காய்த்த தென்னையின் கீழே வாகனத்தை நிறுத்தாதீர்கள், பிள்ளைகளை விளையாட விடாதீர்கள் என்று பெரியவர்கள் சொல்வதில் நல்ல பௌதிகம் இருக்கிறது.

ஒரு கடதாசி மட்டும் ஏன் தள்ளாடித் தள்ளாடி இறங்குகிறது என்று கேட்பீர்கள். மேசையருகே நின்று சோதித்துப் பாருங்கள். ஒரு விஞ்ஞானப் பாடப் புத்தகத்தை எடுங்கள். அதைவிடச் சற்றுச் சிறிதாக ஒரு கடதாசித் துண்டை வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து விட்டால் புத்தகம் முந்தும். இப்போது கடதாசியைப் புத்தகத்தின் மேலே படிய வைத்து, புத்தகத்தை மட்டும் பிடித்து, கிடையாக விடுங்கள். கடதாசி புத்தகத்தை விட்டுப் பிரியாமல் கூடவே வந்து நிலத்தில் இறங்கும். கட்டவில்லை, ஒட்டவில்லை. வழியில் நின்ற வளியைப் புத்தகம் விலக்கிக் கொடுத்தது, அவ்வளவுதான். அதே கடதாசியைக் கசக்கி உருண்டையாக்கினால் புத்தகத்தின் துணையின்றியே அதற்கு ஈடாக விழும்.

1971 ஓகஸ்ட் 2 ஆம் திகதி, அப்பலோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்கொட் சந்திரனில் நின்று ஒரு கையில் சுத்தியலையும் மறு கையில் வல்லூறின் இறகையும் பிடித்து விட்டார். சுத்தியல் 1.3 கிலோ, இறகு 30 கிராம். வளி இல்லாத சந்திரனில் இரண்டும் ஒன்றாக இறங்கித் தரையைத் தொட்டன.

கண்டி மழை உங்களுக்குத் தெரியும். ஆயிரம் மீற்றர் உயர முகிலிலிருந்து ஒரு துளி விழுகிறது. வளி இல்லையென்றால் அது நம் தலையைத் தொடும்போது மணிக்கு 500 கிலோமீற்றர் வேகத்தில் வந்திருக்கும். கொழுந்தெடுக்கும் பெண்களின் தலையில் போட்ட படங்கும் தாங்காது, தேயிலைச் செடியின் இலையும் மிஞ்சாது. உண்மையில் ஆகப் பெரிய துளியும் மணிக்கு 30 கிலோமீற்றர் சொச்ச வேகத்தில்தான் விழுகிறது. வேகம் கூடக்கூட வளியின் தடையும் கூடுகிறது; ஒரு கட்டத்தில் தடை நிறைக்குச் சமமாகிவிடுகிறது. அதற்குமேல் வேகம் கூடுவதில்லை. இதை முடிவு வேகம் என்கிறோம். தூறலின் நுண்துளிக்கு முடிவு வேகம் குறைவு, ஆலங்கட்டிக்கு அதிகம். இங்கே மட்டும் கனத்தது உண்மையாகவே முந்துகிறது. அரிஸ்டோட்டில் வளி நிறைந்த உலகத்தைப் பார்த்து எழுதினார். அவரை அறிவிலி என்று பேசுவது நியாயமல்ல. இழுவையையும் தடையையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை. பிரித்துப் பார்த்தது கலிலியோவின் சாதனை.

இதுவரை ஆர்முடுகலைப் பற்றிப் பேசும்போது ஓர் எண்ணைப் பூசி மெழுகி வந்தேன். பரீட்சையில் அது 10. சில புத்தகங்களில் 9.8, இன்னும் சிலவற்றில் 9.81. கண்டியில் அது எவ்வளவு?

ஏறத்தாழ 9.78. இதை நீங்களே அளக்கலாம். ஒரு கனமான இரும்புச் சுரையை மெல்லிய நூலில் கட்டித் தொங்க விடுங்கள். தொங்கும் புள்ளியிலிருந்து சுரையின் நடுப்பகுதிவரை சரியாக 99 சதமமீற்றர் இருக்கட்டும். கொஞ்சமாக ஒரு பக்கம் இழுத்து விட்டு, போய்த் திரும்பி வருவதை ஒன்று என எண்ணுங்கள். இருபது அலைவுகளுக்கு எடுக்கும் நேரத்தைக் கைத்தொலைபேசியில் பாருங்கள். நாற்பது செக்கன் வரும். ஓர் அலைவுக்கு இரண்டு செக்கன். நூலின் நீளமான 0.99 ஐ 39.5 ஆல் பெருக்கி, இரண்டின் வர்க்கமான 4 ஆல் வகுத்தால் 9.78 கிடைக்கும். ஒரு நூலும் ஒரு சுரையும் கொண்டு பூமியின் இழுவையை அளந்துவிட்டீர்கள். சுரைக்குப் பதிலாக வேறு திணிவைக் கட்டினாலும் அதே நாற்பது செக்கன்தான். திணிவு இங்கேயும் வெட்டுப்பட்டுப் போகிறது.

இலண்டனில் இந்த எண் 9.81. காரணம், பூமி சுழல்கிறது. சுழற்சியால் மத்திய கோட்டருகே புடைத்திருக்கிறது. கண்டி மத்திய கோட்டுக்கு வடக்கே ஏழு பாகைதான். நாம் பூமியின் மையத்திலிருந்து சற்றுத் தொலைவில் இருக்கிறோம். சுழற்சியும் நம்மைச் சற்று இலேசாக்குகிறது. இதை முதலில் கண்டுகொண்டது ஒரு கடிகாரம். 1672 இல் ஜோன் றிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் பாரிஸிலிருந்து தென் அமெரிக்காவின் கயேன் நகருக்குக் கொண்டுபோன ஊசல் கடிகாரம் நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பிந்தியது. கயேன் மத்திய கோட்டுக்கு அருகே இருக்கிறது. 1815 க்குப் பின் கண்டிக்கு வந்த ஆங்கிலேய அதிகாரி ஒருவர் இலண்டனில் நேரம் சரிபார்த்த ஊசல் கடிகாரத்தைக் கொண்டுவந்திருந்தால், அது இங்கே நாளொன்றுக்கு இரண்டு நிமிடம் 20 செக்கன் அளவில் பிந்தியிருக்கும். செக்கன் ஊசலானால் அதை மூன்று மில்லிமீற்றர் குறைத்தால் சரியாகிவிடும்.

ஆக, நிறை என்பது பொருளுக்குள் பூட்டி வைக்கப்பட்ட ஒன்றல்ல. திணிவு பொருளுக்கு உரியது. நிறை பொருளுக்கும் அது நிற்கும் இடத்துக்கும் இடையிலான உறவு. 50 கிலோகிராம் திணிவுள்ள ஒருவரின் நிறை கண்டியில் 489 நியூட்டன், இலண்டனில் 491 நியூட்டன் அளவு, சந்திரனில் 81 நியூட்டன். மூன்று இடத்திலும் ஆள் ஒருவரே. பூமியின் மேற்பரப்பில் இந்த ஆர்முடுகல் ஆகக் குறைவாக இருப்பது பெருவிலுள்ள உவாஸ்கரான் மலையில், 9.764, ஆகக் கூடியது ஆட்டிக் சமுத்திரத்தில், 9.834. கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறினால் 50 கிலோ ஆளுக்கு வில் தராசு காட்டும் குறைவு 20 கிராமுக்கும் கீழே.

இங்கே தோட்டத்துத் தராசைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இருதட்டுத் தராசு இரு திணிவுகளை ஒப்பிடுகிறது. எந்த ஊருக்குக் கொண்டுபோனாலும் ஒரே விடைதான். வில் தராசு இழுவையை அளக்கிறது. ஊருக்கு ஊர் மாறும். இலண்டனில் அளவு குறித்த வில் தராசில் 20 கிலோ கொழுந்தைக் கண்டியில் தொங்கவிட்டால் 65 கிராம் குறைத்துக் காட்டும். இந்த நாட்டிலேயே சரிபார்த்து முத்திரையிட்ட தராசில் அந்தக் குறையும் இல்லை. சாக்குக்கு, ஈரத்துக்கு, முற்றிய இலைக்கு என்று கிலோக்கணக்கில் கழிப்பதைப் பற்றி மலையகப் பெண்கள் தலைமுறைகளாக முறையிட்டு வருகிறார்கள். அந்தக் கிலோக்களுக்கும் புவியீர்ப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

நம் தீவைப் பற்றி இன்னொரு செய்தி, பலருக்குத் தெரியாதது. அலையும் நீரோட்டமும் இல்லாமல், ஈர்ப்பும் சுழற்சியும் மட்டும் கடல்மட்டத்தைத் தீர்மானித்தால் அது எப்படி இருக்கும் என்று விஞ்ஞானிகள் கணித்திருக்கிறார்கள். உலகிலேயே ஆகத் தாழ்ந்த பள்ளம் இலங்கைக்குத் தென்மேற்கே இருக்கிறது. அங்கே கடல்மட்டம், பூமியின் சீரான வடிவத்தை வைத்து எதிர்பார்ப்பதைவிட 106 மீற்றர் தாழ்வு. இந்தப் பகுதியில் பூமியின் ஆழத்தில் திணிவு குறைவு என்பதே அதன் பொருள். டச்சுப் புவிப்பௌதிகவியலாளர் வெனிங் மைனெஸ் 1948 இல் கப்பலில் செய்த ஈர்ப்பு அளவீடுகளில் இது தெரியவந்தது. 2023 இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த தேபஞ்சன் பால், ஆத்ரேயி கோஷ் இருவரும், ஆபிரிக்காவின் அடியாழத்திலிருந்து கிளம்பி இந்து சமுத்திரத்தின் கீழே பரவிய வெப்பமான, இலேசான பாறைப் பிழம்பே இதற்குக் காரணம் என்று கணினி மாதிரிகளால் காட்டினார்கள். கண்டி அந்தப் பள்ளத்தின் கரையில் இருக்கிறது.

விண்வெளி நிலையத்தில் மிதப்பவர்களுக்கு ஈர்ப்பே இல்லை என்ற எண்ணமும் பரவலானது. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 வீதி 321 கிலோமீற்றர். அந்த வீதியை அப்படியே வானத்தை நோக்கி நிமிர்த்தி வைத்தால், அதன் நுனியிலிருந்து இன்னும் 80 கிலோமீற்றர் போனால் விண்வெளி நிலையம். அங்கே ஆர்முடுகல் 8.7, நிலத்தில் உள்ளதன் பத்தில் ஒன்பது பங்கு. அவர்கள் மிதப்பது ஓயாமல் விழுந்துகொண்டே இருப்பதால். நிலையமும் விழுகிறது, ஆளும் விழுகிறார், கையிலிருந்த பேனையும் விழுகிறது. எல்லாம் ஒரே ஆர்முடுகலோடு. தேங்காயும் பாக்கும் சேர்ந்து விழுந்த அதே கதைதான்.

திணிவு எல்லாக் கணக்கிலும் வெட்டுப்படுமா என்றால், இல்லை. வேகத்தில் வெட்டுப்படும், அடியில் வெட்டுப்படாது. பாக்கு தலையில் விழுந்தால் தடவிக்கொண்டு போகலாம். தேங்காய் விழுந்தால் அப்படியல்ல. விழும் பொருள் சுமந்து வரும் சக்தி அதன் திணிவு, ஈர்ப்பு ஆர்முடுகல், உயரம் மூன்றின் பெருக்கம். மகாவலி இதைத்தான் விற்கிறது. கண்டியைச் சுற்றி வரும் ஆற்றைப் பொல்கொல்லையில் 1976 முதல் மறித்து, எட்டுக் கிலோமீற்றர் சுரங்கத்தால் உக்குவளைக்குக் கொண்டுபோய், விழவிட்டு மின்சாரம் எடுக்கிறார்கள். இன்னும் கீழே 122 மீற்றர் உயர விக்டோரியா அணை. 1985 இல் திறக்கப்பட்டது. அங்கே நீர் ஏறத்தாழ 190 மீற்றர் இறங்குகிறது. ஒரு கன மீற்றர் நீர், அதாவது ஒரு தொன், அவ்வளவு இறங்கினால் 18 இலட்சம் யூலுக்குச் சற்றுக் கூடுதலான சக்தி. மின்பட்டியல் கணக்கில் அரை அலகு. வீட்டில் ஒரு அலகு மின்சாரம் எரிக்கும்போது, இரண்டு தொன் நீர் ஒரு மலையிலிருந்து இறங்கியிருக்கிறது.

ஹந்தானையில் இப்போது தேயிலை அருங்காட்சியகமாக இருக்கும் பழைய தொழிற்சாலையின் மாடிகளும் இதே காரணத்தால் எழுந்தவை. கொழுந்தை மேல்மாடியில் வாட்டி, அங்கிருந்து கீழே அரைக்கும் பொறிகளுக்கு இறக்கினார்கள். மேலே தூக்கும் வேலை ஒரு முறை. பிறகு பூமி இறக்கித் தருகிறது.

நேராக விழுவதை விட்டுச் சரிவுக்கு வருவோம். மலைநாட்டில் பெரும்பாலானவை நேராக விழுவதில்லை, சரிந்து இறங்குகின்றன. 1867 இல் கண்டிக்குப் புகையிரதம் வந்தபோது பொறியியலாளர்களுக்கு இருந்த பெரிய தலைவலி கடுகண்ணாவை ஏற்றம். றம்புக்கணை கடல்மட்டத்திலிருந்து 100 மீற்றருக்கும் கீழே. கடுகண்ணாவை 500 மீற்றருக்கு மேலே. இடையில் இருபது கிலோமீற்றர் தண்டவாளம். சரிவு 45 க்கு 1. அதாவது, 45 மீற்றர் போனால் ஒரு மீற்றர் ஏறும். நடந்து போகும் ஒருவருக்கு இது ஏற்றமாகவே தெரியாது. ஆனால் 200 தொன் வண்டியை அந்தச் சரிவு பின்னோக்கி இழுக்கும் விசை, நான்கரைத் தொன் நிறைக்குச் சமம். தடுப்பு இல்லாமல் ஒரு பெட்டி அங்கே உருண்டால், உராய்வைக் கணக்கில் எடுக்காவிட்டால், ஒரே நிமிடத்தில் மணிக்கு 47 கிலோமீற்றர் வேகம் எடுக்கும். வெறும் பெட்டியானாலும் சரக்கு நிறைந்த பெட்டியானாலும் அதே வேகம்.

இப்போது அந்த மலைச்சரிவுக்கு வருகிறேன்.

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, கொஸ்லந்த மீரியபெத்த தோட்டத்தில் லயங்களின் மேல் மலை சரிந்தது. புதைந்தவர்கள் மலையகத் தமிழ்க் குடும்பங்கள். 2016 மே 17 ஆம் திகதி, கண்டிக்கு அயல் மாவட்டமான கேகாலையின் அரநாயக்கவில் ஒரு மலையே இறங்கி நூற்றுக்கு மேற்பட்டோரை விழுங்கியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழையில் கண்டி மாவட்டமும் சரிவுகளால் சிதைந்தது. நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர்.

ஏன் மழையில் மலை சரிகிறது? "தண்ணி குடிச்சு மண் பாரமாகி விழுது" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில். இது பாதி உண்மைகூட இல்லை. சரிவில் இருக்கும் மண்படையை இழுப்பது அதன் நிறையின் ஒரு பகுதி. 30 பாகைச் சரிவானால் சரியாகப் பாதி. அதைப் பிடித்து வைத்திருப்பது உராய்வு. உராய்வும் அந்த மண் கீழ்ப்பாறையை அழுத்தும் நிறையிலிருந்தே பிறக்கிறது. மண் இரு மடங்கு பாரமானால் இழுவையும் இரு மடங்கு, உராய்வும் இரு மடங்கு. தேங்காயிலும் பாக்கிலும் பார்த்த அதே வெட்டுப்படல். ஒட்டாத உலர்ந்த மண் சரியுமா, நிற்குமா என்பதைத் தீர்மானிப்பது பாரம் அல்ல, சரிவின் கோணம்.

அப்படியானால் மழை என்னதான் செய்கிறது? அது மண்துகள்களுக்கு இடையிலுள்ள இடைவெளிகளில் நிரம்பி, அங்கே அழுத்தத்தோடு நிற்கிறது. மண்ணின் நிறையில் ஒரு பகுதியை நீரே தாங்கத் தொடங்குகிறது. துகள் துகளை அழுத்துவது குறைகிறது, உராய்வு குறைகிறது. இழுவையோ குறைவதே இல்லை. வெட்டுப்பட வேண்டிய இரண்டும் இப்போது வெட்டுப்படுவதில்லை. 1920 களில் கார்ல் டெர்சாகி என்ற பொறியியலாளர் இதை விளக்கி, மண் பொறியியலுக்கு அடித்தளம் இட்டார். எண்ணில் பார்த்தால் இதன் பயங்கரம் விளங்கும். உலர்ந்திருக்கும்போது 32 பாகைச் சரிவில் நிற்கக்கூடிய ஒட்டாத மண், மேற்பரப்புவரை நீர் ஊறிச் சரிவோடு வடியும்போது 18 பாகைச் சரிவில்கூட நிற்காது. களியின் ஒட்டும் தன்மையும் மரவேர்களும் இன்னும் கொஞ்சம் பிடித்து வைக்கும். மரத்தை வெட்டினால் அந்தப் பிடி போகும். வீட்டு நிலத்துக்காக மலையின் அடியைச் செங்குத்தாக வெட்டினால் கோணமும் கூடும், தாங்கி நின்ற மண்ணும் போகும். கண்டியைச் சுற்றியுள்ள குன்றுகளில் இந்த வெட்டுகளை நாள்தோறும் பார்க்கிறோம். ஒவ்வொன்றும் இந்தக் கணக்கில் ஓர் எண்ணை மாற்றுகிறது.

மழையை நிறுத்த முடியாது, ஈர்ப்பையும் குறைக்க முடியாது. ஆனால் நீர் எவ்வளவு ஊறியிருக்கிறது என்பதை மழைமானி ஓரளவுக்குச் சொல்லும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இதை வைத்தே எச்சரிக்கை விடுக்கிறது: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பு, 100 என்றால் வெளியேற ஆயத்தம், 150 என்றால் வெளியேற்றம். ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலும் வெளியேற்றம்தான். நேர்ச்சுவருள்ள ஒரு போத்தலை மேல்பகுதி வெட்டி, வெட்டவெளியில் நிமிர்த்தி வைத்து, உள்ளே ஓர் அடிமட்டத்தை இறக்கினால் இந்த எண்களை நீங்களே வாசிக்கலாம். அடி வளைந்த போத்தலானால் வளைவு முடியும்வரை முதலில் நீர் ஊற்றி, அந்த மட்டத்திலிருந்து அளவிடுங்கள்.

வீட்டுக்குப் பின்னால் சரிவு இருப்பவர்களுக்கு இதைக் கேட்டுக்கொள்கிறேன். மழைநாளில் நிலத்திலோ சுவரிலோ புதிதாக வெடிப்பு கண்டால், மரமோ மின்கம்பமோ சாய்ந்திருந்தால், தெளிவாக ஓடிய பீலித் தண்ணீர் திடீரென்று கலங்கினால், அல்லது ஓடிய ஊற்று சட்டென்று நின்றால், அறிவித்தல் வரும்வரை காத்திருக்காதீர்கள். சாமானைக் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள். பிள்ளைகளையும் முதியவர்களையும் கூட்டிக்கொண்டு, சரிவின் பாதையை விட்டுப் பக்கவாட்டில் விலகி, உடனே வெளியேறுங்கள்.